சாலை இல்லாத ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம்



சென்ற அறுப்பின் பண்டிகையின்போது சபை ஒன்றில் மருத்துவமனைச் செய்தி சொல்லிவிட்டு இறங்கி வந்தோம். பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்த ஒரு அம்மா எங்களிடம் ஒரு கடிதத்தை நீட்டினார்கள். மலையூர் ஒன்றில் பள்ளிக்கூடம் கட்ட உதவி கேட்டு வேறொரு ஸ்தாபனத்திலிருந்து வந்த கடிதம் அது. "ஐயா, நாங்கள் கைப்பிடி அரிசி சேர்த்து விற்ற பணத்தைக் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். ஆனால் இதில் பாருங்கள், சிமெண்டு மூடையின் விலையைவிடத் தூக்குக்கூலி அதிகமாகப் போட்டிருக்கிறார்கள். இது நியாயந்தானா?" என்று கேட்டார்கள்.

அன்றைக்கு நாங்கள் சரியான பதில் சொல்லவில்லை. "மலை என்றால் அப்படித்தான் அம்மா" என்று சொல்லிச் சமாளித்துவிட்டோம். வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்திக்கொண்டே இருந்தது. பிடி பிடியாக அரிசி எடுத்து வைத்துச் சேர்த்த பணம் அது. அதைக் கொடுக்கிறவர்களுக்குச் சரியான விளக்கம் கேட்க உரிமை உண்டு. ஆகவே சாலையே இல்லாத மலைக் கிராமத்தில் ஒரு பள்ளிக்கூடம் எப்படி எழும்புகிறது, எங்கே பணம் போகிறது, எங்கே ஏமாற்றம் வருகிறது என்பதை எல்லாரும் அறிந்த ஒரு உதாரணத்தைக்கொண்டு இந்த இதழில் விளக்க விரும்புகிறோம். அந்த உதாரணம் நேபாள தேசத்துக் கும்ஜுங் கிராமம்.

கேட்டவர்கள் ஊரார்

எவரெஸ்ட் சிகரத்துக்குத் தெற்கே, கும்பு என்னும் பள்ளத்தாக்குப் பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,790 மீட்டர் உயரத்தில் கும்ஜுங் இருக்கிறது. நம்முடைய தொட்டபெட்டாவைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உயரம். ஷெர்ப்பா மக்கள் வாழும் ஊர். உருளைக்கிழங்கு பயிரிட்டு, யாக் என்னும் மலை மாடுகளை மேய்த்து வாழ்ந்தவர்கள். மலையேற வரும் வெளிநாட்டாருக்குச் சுமை தூக்கியும் வழிகாட்டியும் பிழைத்தார்கள்.

1953ம் ஆண்டு மே 29ம் தேதி டென்சிங் நார்கேயும் நியூசிலாந்துக்காரரான எட்மண்ட் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள் என்பது நாம் பள்ளியில் படித்தது. ஹிலாரி தொழிலால் தேனீ வளர்ப்பவர். அவர் 1960ல் வேறொரு குழுவோடு மறுபடியும் கும்புவுக்கு வந்தார். உயர்ந்த மலையில் மனித உடல் எப்படி இயங்குகிறது என்று ஆராய்வதும், "எட்டி" என்று சொல்லப்படும் பனிமனிதன் உண்டா இல்லையா என்று தேடுவதும் அந்தக் குழுவின் வேலை. அந்தச் சமயத்தில் ஒரு மாலை, தன்னோடு இருந்த ஷெர்ப்பாக்களிடம், "உங்களுக்காக ஒன்று செய்வதானால் எதைச் செய்யலாம்?" என்ற பொருளில் அவர் கேட்டதாகவும், பள்ளிக்கூடம் வேண்டும் என்று அவர்கள் சொன்னதாகவும் அவரே பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். எங்கள் பிள்ளைகளுக்குக் கண் இருந்தும் பார்வையில்லை என்பதே அவர்களுடைய முறையீட்டின் சாரம்.

பங்காளர்கள் முதலாவது இதைக் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூடம் வேண்டும் என்று தீர்மானித்தது ஊரார். ஹிலாரி பிற்பாடு கட்டிய பள்ளிகளுக்கும் அதுவே பழக்கமாயிற்று. ஊர்ப் பெரியவர்கள் மனு எழுதிக் கொடுப்பார்கள். நிலமும் உழைப்பும் தங்கள் பங்காகத் தருவார்கள். ஊர் கேளாத பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுச் சாவி போதும், ஆசிரியர் தேவைப்படாது என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மலைகளில் அது வேடிக்கையல்ல, அனுபவம்.

சுமையின் கணக்கு

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். அந்நாட்களில் காத்மாண்டுவிலிருந்து கும்புவுக்கு நடைப்பயணம் இரண்டு வாரத்துக்கும் மேல். வண்டிப்பாதை கிடையாது. இன்றைக்கும் கும்ஜுங்குக்கு மோட்டார் சாலை இல்லை. ஒரு ஆணி வேண்டுமானாலும் அது ஒருவருடைய முதுகிலோ, மாட்டின் முதுகிலோ, ஆகாயத்திலோதான் வர வேண்டும்.

நேபாளத்துச் சுமைக்காரர் "டோகோ" என்னும் மூங்கில் கூடையை முதுகில் வைத்து, அதைத் தாங்கும் "நாம்லோ" என்ற பட்டையை நெற்றியில் மாட்டிக்கொள்வார். பாரத்தில் பெரும்பகுதி தலையிலும் கழுத்திலும் இறங்கும். கையில் குட்டையான ஒரு ஊன்றுகோல் இருக்கும். சில அடிகள் ஏறியதும் அந்தக் கோலைக் கூடைக்கு அடியில் முட்டுக் கொடுத்து, நின்றபடியே மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஏறுவார். அந்தக் கும்பு பாதையிலே சுமைக்காரர்களை நிறுத்தி எடைபோட்டுப் பார்த்த ஒரு ஆராய்ச்சி 2005ல் வெளியானது. ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதமும், பெண்கள் 66 சதவீதமும் சுமந்தார்களாம். அதாவது ஏறக்குறைய தன்னையே தூக்கிக்கொண்டு ஒரு மனிதன் மலையேறுகிறான்.

நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிறு கட்டிடத்துக்கு நூறு மூடை சிமெண்டு தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூடை 50 கிலோ. பிரித்துக் கட்டினால் ஈரம் ஏறிக் கட்டிதட்டிவிடும். ஆகவே ஒரு மூடைக்கு ஒரு ஆள். சாலை முடிகிற இடத்திலிருந்து ஊருக்கு மூன்று நாள் ஏற்றம் என்றால் போக மூன்று நாள், வெறுங்கையாய்த் திரும்ப இரண்டு நாள். ஆளுக்கு ஐந்து நாள் கூலி. நூறு மூடைக்கு ஐந்நூறு நாள் கூலி! போகும் வழியில் அவர் சாப்பிடவும் வேண்டும், இரவு ஒதுங்கவும் வேண்டும். இவ்வளவும் சிமெண்டுக்கு மாத்திரம். தகரம் இன்னும் வரவில்லை, கம்பி வரவில்லை, ஜன்னல் கண்ணாடி வரவில்லை. நீளமான தகரத்தை முதுகில் கட்டிக்கொண்டு மலைச்சரிவில் நடக்கும்போது காற்று அடித்தால் ஆளையே புரட்டிவிடும். கண்ணாடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பத்து அனுப்பினால் பத்தும் போய்ச் சேரும் என்று எழுதித்தர ஆளில்லை.

ஆகவே அந்தக் கடிதத்தில் சிமெண்டின் விலையைவிடத் தூக்குக்கூலி அதிகமாயிருந்தது அநியாயம் என்று சொல்ல முடியாது. கூலி மிகவும் குறைவாகக் காட்டியிருந்தால்தான் நாம் கேள்வி கேட்டிருக்க வேண்டும். அந்தச் சுமையை யாரோ ஒரு ஏழை அரைக்கூலிக்குத் தூக்கியிருப்பார்.

எங்கள் மருத்துவமனைக்கு மலையூர்களிலிருந்து நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வருவதைப் பார்த்தவர்கள் இதை எளிதில் விளங்கிக்கொள்வார்கள். படுத்திருப்பது ஒருவர், தோள் கொடுப்பது நால்வர், தோள் மாற்ற இன்னும் நால்வர். ஒருவருக்கு நோய் வந்தால் எட்டுப் பேருடைய அன்றைய கூலி போகிறது. பாதை இல்லாத ஊரில் எல்லாமே இந்தக் கணக்குத்தான்.

எதைச் சுமப்பது, எதை அங்கேயே எடுப்பது

அனுபவமுள்ளவர்கள் மலையில் கட்டும்போது முதலில் இரண்டு பட்டியல் எழுதுவார்கள். ஊரிலேயே கிடைப்பவை ஒன்று, சுமந்து வர வேண்டியவை மற்றொன்று. கல் அங்கேயே உடைக்கலாம். மண் சாந்து அங்கேயே குழைக்கலாம். மரம் கீழ்ச்சரிவுக் காட்டில் கிடைக்கும். ஆனால் வாள் கொண்டு கையால் அறுத்துப் பலகையாக்க வேண்டும். ஆணி, கீல், கூரைத் தகடு, கண்ணாடி, கருவிகள் ஆகியவை மாத்திரம் சுமைக்கு. இரண்டாவது பட்டியல் எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவு நல்ல திட்டம்.

கும்ஜுங்கில் வேறொரு வழி திறந்தது. கல்கத்தாவிலிருந்த இந்தியன் அலுமினியம் கம்பெனி, பிரித்துக் கொண்டுபோய்ப் பூட்டிக்கொள்ளக்கூடிய ஒரு அலுமினியக் கட்டிடத்தை நன்கொடையாகக் கொடுத்தது. நம் தேசத்துக் கம்பெனியின் கொடை என்பதை நம்மில் பலர் அறியோம். ஏன் அலுமினியம்? இரும்பு எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அதன் எடை, துருவும் பிடிக்காது. மூன்று பேர் தூக்குவதை ஒருவர் தூக்கலாம். குறையும் உண்டு. உலோகச் சுவர் குளிரைத் தடுக்காது. கல்மழை பெய்தால் ஆசிரியரின் குரல் கேளாது.

அந்தத் தகடுகள் எப்படி வந்தன? ஹிலாரியின் குழு தங்கள் ஆராய்ச்சிக்காக மிங்போ என்னுமிடத்தில், ஏறத்தாழ 15,000 அடி உயரத்தில், ஒரு சிறு விமான ஓடுதளத்தைச் செப்பனிட்டிருந்தது. 1959க்குப் பின் திபெத்திலிருந்து வந்த அகதிகளுக்கு உணவு கொண்டுவந்த செஞ்சிலுவைச் சங்க விமானம் அங்கே இறங்கியது. அந்த விமானமே பள்ளிக்கூடத்தின் பாகங்களையும் சுமந்து வந்தது. அங்கிருந்து ஷெர்ப்பா மக்கள் முதுகில் ஏற்றி, பள்ளத்தாக்கில் இறங்கி, மறுபடி ஏறிக் கும்ஜுங் கொண்டு சேர்த்தார்கள்.

இந்த வேலை ஒரு கட்டத்தில் நின்றுபோகவும் இருந்தது. 1961 மார்ச் மாதம் குழுவைச் சேர்ந்த நால்வர் அமா தப்லம் என்னும் அழகான சிகரத்தில் ஏறிவிட்டார்கள். அதற்கு அரசாங்கத்தின் அனுமதி பெறவில்லை. நேபாள அரசு கடுங்கோபம் கொண்டது. குழுவையே திருப்பி அனுப்பும் நிலை வந்தது. ஹிலாரி காத்மாண்டு சென்று அதிகாரிகளைச் சந்தித்து, அபராதம் கட்டி, வேலையைத் தொடர இணக்கம் பெற்றார். நால்வர் பெற்ற மகிழ்ச்சிக்காக ஒரு ஊர்ப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பறிபோக இருந்தது. அந்நிய தேசத்தில் நன்மை செய்யப் போகிறவர்களும் அந்த வீட்டுக்காரரின் உத்தரவைக் கேட்டே வாசற்படி ஏற வேண்டும்.

மலையின் காலமும் மனிதரின் காலமும்

அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. நம்மூர் கொத்தனாரை அழைத்துப்போனால் முதல் வாரம் அவர் தலைவலியோடு படுத்திருப்பார். குளிர்காலத்தில் சிமெண்டுக் கலவையிலுள்ள தண்ணீர் உறைந்துபோகும். அப்படி உறைந்த கலவை பிறகு எத்தனை வெயில் காய்ந்தாலும் பலம் பெறாது. மழைக்காலத்தில் பாதை சரியும், அட்டை கடிக்கும், மேகம் மூடி விமானமும் வராது. ஆகவே பனி இளகின பிறகு மழைக்கு முன்பும், மழை விட்ட பிறகு பனிக்கு முன்பும் கிடைக்கும் சில வாரங்களே வேலைக்காலம்.

அதே வாரங்களில்தான் ஊராருக்கும் உருளைக்கிழங்கு நடவும் அறுவடையும். "ஊர்மக்கள் இலவச உழைப்புத் தருகிறார்கள்" என்று நம்முடைய அறிக்கைகளில் சுலபமாக எழுதிவிடுகிறோம். அந்த உழைப்பு அவர்களுடைய வயலிலிருந்து எடுத்துக் கொடுத்தது. கைப்பிடி அரிசியைப் போன்ற காணிக்கைதான் அதுவும். நன்கொடையாளர் பட்டியலில் அவர்கள் பெயரும் வர வேண்டும்.

1961 ஜூன் மாதத்தில் கும்ஜுங் பள்ளி திறக்கப்பட்டது. இது மிஷன் பள்ளி அல்ல. தெங்போச்சே மடத்தின் தலைமை லாமா வந்து தங்கள் முறைப்படி ஆசீர்வதித்தார். ஊரார் அப்படி விரும்பினார்கள், கட்டினவர்கள் அதற்கு மனதார இடங்கொடுத்தார்கள்.

சுவருக்கு அப்பால்

கட்டிடம் ஒரு முறைச் செலவு. ஆசிரியர் மாதந்தோறும் செலவு. கும்ஜுங்கில் சுவர் எழும்புமுன்பே இந்தக் கேள்வி வந்தது. பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஷெர்ப்பா மொழி, பள்ளியில் நடத்த வேண்டியது நேபாளி மொழி. கீழ் நாட்டு ஆசிரியர் ஒருவரைக் கொண்டுவந்தால் அவருக்குப் பிள்ளைகள் பேசுவது விளங்காது, அவர் பேசுவது பிள்ளைகளுக்கு விளங்காது. குளிரும் தனிமையும் சேர்ந்தால் முதல் பனியோடு அவர் போய்விடுவார். ஆகவே டார்ஜிலிங்கில் படித்த ஒரு ஷெர்ப்பாவையே ஆசிரியராக அமர்த்தினார்கள். அந்த ஒரு தீர்மானத்தினால்தான் பள்ளி நிலைத்தது என்றே நாங்கள் நினைக்கிறோம்.

பிறகு ஒவ்வொன்றாகத் தேவைகள் வெளிப்பட்டன. தூரத்து ஊற்றிலிருந்து தண்ணீர் சுமக்கும் பிள்ளை எப்படிப் பள்ளிக்கு வரும்? 1963ல் கும்ஜுங்குக்குக் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு பாங்போச்சே, தாமே ஆகிய ஊர்களிலும் பள்ளிகள் எழுந்தன. அந்தப் பயணத்தில்தான் பெரியம்மை பரவியிருப்பதைக் கண்டார்கள். கட்ட வந்தவர்கள் கரண்டியை வைத்துவிட்டு, தடுப்பு மருந்தை வரவழைத்து, ஆயிரக்கணக்கானோருக்கு அம்மை குத்தினார்கள். அயோடின் குறைவினால் கழுத்துக் கழலையும், செவிட்டு ஊமையாகவும் மூளை வளர்ச்சியின்றியும் பிறக்கும் பிள்ளைகளும் அந்தப் பள்ளத்தாக்கில் மிகுதியாயிருந்ததை மருத்துவர்கள் கண்டார்கள். 1966ல் கும்ஜுங்குக்குப் பக்கத்து ஊராகிய குந்தேயில் ஒரு சிறு மருத்துவமனை எழுந்தது. அயோடின் கலந்த எண்ணெய் ஊசி போடப்பட்டது. தாயின் கர்ப்பத்திலேயே மூளை வாடிப்போன பிள்ளைக்கு எந்தப் பள்ளிக்கூடமும் உதவாது. மருத்துவமனையில் ஊழியம் செய்கிற எங்களுக்கு இந்தச் சரித்திரத்தில் மிகவும் பிடித்த பகுதி இது. பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் ஒரே கூரையின் இரண்டு சரிவுகள்.

இந்தப் பள்ளிகளில் படித்த கமி தெம்பா என்பவர் குந்தே மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்தார். பிறகு பிஜித் தீவுக்குப் போய் மருத்துவம் படித்து, அதே மருத்துவமனைக்கு மருத்துவராகத் திரும்பி வந்தார். குந்தேயைச் சேர்ந்த மிங்மா நோர்பு, கும்ஜுங்கின் முதல் மாணவர்களில் ஒருவர், சாகர்மாதா தேசியப் பூங்காவின் முதல் ஷெர்ப்பா காப்பாளரானார். வெளியூர் மருத்துவர்கள் பல ஆண்டுகள் வந்து வந்து போனார்கள். கமி தெம்பா அப்படி வந்து போனவரல்லர். ஏனெனில் அது அவருடைய சொந்தப் பள்ளத்தாக்கு. சாலையில்லாத ஊருக்குப் பள்ளி ஏன் என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இதுவே.

எதிர்பாராத விளைவுகள்

நல்லதை மாத்திரம் சொன்னால் விளக்கம் முழுமையாகாது. மருத்துவமனைக்கும் பள்ளிகளுக்கும் சாமான் இறக்குவதற்காக 1964ல் லுக்லா என்னும் ஊரில் நிலம் வாங்கி ஓடுதளம் அமைத்தார்கள். பதமான மண்ணை இறுக்க ஷெர்ப்பா மக்கள் கைகோத்து வரிசையாக நின்று நடனமாடி மிதித்தார்கள் என்பது பலரும் அறிந்த செய்தி. சாமானுக்கென்று திறந்த வாசல் வழியே சில ஆண்டுகளில் சுற்றுலாப் பயணிகள் ஆயிரமாயிரமாய் வந்தார்கள். பணம் வந்தது. கூடவே விறகுக்காகக் காடு அழிந்தது, பாதையெங்கும் குப்பை சேர்ந்தது. ஹிலாரி தாமே இதைக் குறித்து வருந்திப் பேசினார். 1976ல் அந்தப் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பூங்காவைக் காக்கத்தான், முன் சொன்னபடி, அந்தப் பள்ளியின் பிள்ளையே வந்து நின்றார்.

அவர் கொடுத்த விலையும் பெரிது. 1975ம் ஆண்டு மார்ச் 31ம் தேதி, பாப்லு என்னுமிடத்தில் ஹிலாரி மருத்துவமனை கட்டிக்கொண்டிருந்தபோது, அவரிடம் வருவதற்காகக் காத்மாண்டுவில் சிறு விமானம் ஏறிய அவருடைய மனைவி லூயிசும் இளைய மகள் பெலிண்டாவும் விபத்தில் இறந்துபோனார்கள். கட்டிட வேலை நின்றுபோகும் என்றே யாரும் நினைத்திருப்பார்கள். மருத்துவமனை கட்டி முடிக்கப்பட்டது. 2008 ஜனவரியில் மரிக்கும்வரைக்கும் அவர் அந்த மக்களுக்காக நிதி சேர்ப்பதை விடவில்லை. இதற்கு நாங்கள் விளக்கவுரை சொல்லத் துணியவில்லை. அடக்க ஆராதனைகள் அநேகம் நடத்திய எங்களுக்கும் அந்த இடத்தில் வார்த்தை வருவதில்லை.

விழுந்த சுவர்கள்

2015 ஏப்ரல் 25ம் தேதி நேபாளத்தில் பெரும் பூகம்பம் வந்தது. ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் மாண்டார்கள். மே 12ம் தேதி மறுபடியும் பூமி அதிர்ந்தது. நாடெங்கும் ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் விழுந்தன. கும்பு பகுதியிலும் கற்சுவர்கள் சரிந்து, பல வகுப்பறைகளைத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. முதல் பூகம்பம் வந்தது ஒரு சனிக்கிழமை மதியத்துக்குச் சற்று முன்பு. நேபாளத்தில் பள்ளிகளுக்கு வார விடுமுறை சனிக்கிழமை. வகுப்பறைகள் காலியாயிருந்தன. மற்றொரு நாளில் வந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது.

மண் சாந்து வைத்துக் கட்டிய கற்சுவர் பாரத்தைத் தாங்கும், உலுக்கலைத் தாங்காது. இரண்டு பக்கமும் அடுக்கிய கல் நடுவில் பிரிந்து வெளியே தள்ளும். அதைத் தடுக்க வழி உண்டு. சுவரின் இரு முகத்தையும் கட்டிப்பிடிக்கும் நீளக் கற்களை இடையிடையே வைக்க வேண்டும். அஸ்திவாரத்துக்கு மேலும், ஜன்னல் உயரத்திலும், கூரைக்குக் கீழும் சுவரைச் சுற்றி மரத்தாலோ கான்கிரீட்டாலோ ஒட்டியாணம் போலப் பட்டை கட்ட வேண்டும். மூலைகளை இறுக்க வேண்டும். இதற்காகும் கம்பியும் சிமெண்டும் சுமையைக் கூட்டும், செலவைக் கூட்டும். அந்த அம்மாவின் கையிலிருந்த கடிதத்தில் தூக்குக்கூலி அதிகமானதற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். இங்கே மிச்சம்பிடிக்கும் பணம் பிள்ளைகளின் தலைமேல் விழும் பணம்.

2024 ஆகஸ்டு 16ம் தேதி தாமே கிராமத்துக்கு மேலேயிருந்த பனி ஏரி உடைந்து வெள்ளம் வந்தது. உயிர்ச்சேதமில்லை. வீடுகளோடு பள்ளிக்கூடமும் சுகாதார நிலையமும் சேதமடைந்தன. 1963ல் முதுகில் சுமந்து தொடங்கிய வேலையை மறுபடியும் தொடங்க வேண்டியதாயிற்று. மலையிலே கட்டிடம் கட்டி முடித்தோம் என்று ஒருவரும் சொல்ல முடியாது.

கொடுக்குமுன் கேளுங்கள்

கணக்குக் கேட்பது அவிசுவாசம் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைப் பார்க்கிற உவமையை நாம் அறிவோம். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் மலைகளில் பள்ளிகள் கட்டிவந்த அமெரிக்க ஸ்தாபனம் ஒன்று உலகமெங்கும் புகழ்பெற்றிருந்தது. சிறுபிள்ளைகளும் உண்டியல் உடைத்துக் கொடுத்தார்கள். அதன் கணக்குகளைப் பற்றி 2011ல் கேள்விகள் எழுந்தன. 2012ல் மொண்டானா மாநில அரசின் விசாரணை முடிவில், ஸ்தாபகர் ஏறத்தாழ பத்து லட்சம் டாலரைத் திருப்பிச் செலுத்த உடன்பட்டார். அந்த ஸ்தாபனம் கட்டிய நல்ல பள்ளிகளும் உண்டு. ஆனால் கொடுத்தவர்கள் உரிய நேரத்தில் கேட்டிருந்தால் அவருக்கும் அது நன்மையாயிருந்திருக்கும்.

ஆகவே மலையூர்ப் பள்ளி ஒன்றுக்கு உதவி கேட்டு யார் வந்தாலும், நாங்களே வந்தாலும், இவற்றைக் கேளுங்கள்.

1. பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டது யார்? ஊராரின் பங்கு என்ன?

2. சுமப்பவருக்கு என்ன கூலி? ஒருவர் எத்தனை கிலோ சுமக்கிறார்?

3. எந்தப் பொருள் ஊரிலேயே கிடைக்கிறது? அரசின் அனுமதி கையில் இருக்கிறதா?

4. பூகம்பம், வெள்ளம், பனிச்சரிவு வந்தால் சுவர் நிற்குமா? பார்த்துச் சொன்ன பொறியாளர் யார்?

5. ஆசிரியர் யார்? பிள்ளைகளின் மொழி அவருக்குத் தெரியுமா? ஐந்தாம் ஆண்டு அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

ஐந்தாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், மற்ற நான்குக்கும் நல்ல பதில் இருந்தாலும் சற்றுப் பொறுத்திருங்கள். கட்டிடத்துக்குக் கொடுக்க எல்லாருக்கும் ஆசை. சுவரில் பெயர்க்கல் பதிக்கலாம். ஆசிரியரின் சம்பளத்தில் பெயர்க்கல் பதிக்க முடியாது. அதற்கு மனமுவந்து கொடுக்கிறவர்களே மலையின்மேல் பள்ளிக்கூடத்தை நிறுத்துகிறவர்கள்.

அந்தப் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு இந்த விளக்கத்தை முன்னமே கடிதமாக எழுதி அனுப்பினோம். பதில் வந்தது. சங்கம் கூடிப் பேசி, கைப்பிடி அரிசிப் பணத்தை அனுப்பத் தீர்மானித்தார்களாம். "சிமெண்டுக்கு வேறு யாராவது கொடுக்கட்டும் ஐயா, எங்கள் பணத்தைத் தூக்குகிறவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி எழுதிவிட்டோம்" என்று கடைசியில் ஒரு வரி இருந்தது. அன்றைக்கு நாங்கள் சொல்லத் தெரியாமல் விழித்த பதிலை அவர்கள் எங்களைவிட நன்றாய்ச் சொல்லிவிட்டார்கள்.


மருத்துவமனைச் சிற்றாலய ஊழியத்தினர்